படிக்க வந்த பெண்களின் வீடு

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை பிடித்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஹனோவரில், மாநில அரசின் அறக்கட்டளைக் கண்காணிப்புப் பிரிவில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தவர். அவருடைய வேலையை யார் கேட்டாலும் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். என்னுடையது அப்படி அல்ல.

“ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது பிள்ளை? உன்ர கந்தோரிலை நீ என்னதான் செய்யிறாய்?” லீக்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

ஒருவர் சாகுமுன் தன் வீட்டையோ காணியையோ ஒரு நல்ல காரியத்துக்கென்று எழுதிவைக்கிறார். அவர் போன பிறகு ஒரு நிர்வாகக் குழு அதை நடத்துகிறது. அந்தக் குழு தன் இஷ்டத்துக்குக் காரியத்தை மாற்றக் கூடாது. எழுதிவைத்தவர் விரும்பியதைத்தான் செய்கிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. இதைச் சொல்லி முடிக்க லீக்ஸும் முடிந்துவிட்டது.

“அப்ப நீ செத்த ஆக்களுக்கு வேலை செய்யிறாய்.”

“ஓம் அம்மா. ஒரு விதத்திலை அப்பிடித்தான்.”

“நல்லது. அவை திருப்பிக் கதைக்கமாட்டினம்.”

ஆனாலும் கோவிலில் கேட்டவர்களிடம் நான் வரி அலுவலகத்தில் இருப்பதாகத்தான் சொல்லிவைத்தார். அது எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் கொஞ்சம் பயப்படுகிற இடம்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். எனக்கு எந்தச் சொந்தமும் இல்லாத ஊர்களில், நான் பிறக்கும் முன்பே செத்துப்போன மனிதர்கள் எதற்கெல்லாம் கவலைப்பட்டார்கள் என்று என் மேசையிலிருந்தபடியே தெரிந்துகொண்டேன். ஒருவர் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கிக்கொடுக்கச் சொல்லியிருந்தார். இன்னொருவர், டிராம் வண்டி இழுத்துக் கிழடாகிப்போன குதிரைகளைச் சாகும்வரை பராமரிக்கச் சொல்லியிருந்தார். இப்போது சுரங்கமும் இல்லை, டிராம் குதிரையும் இல்லை. அப்படி ஒரு காரியம் உண்மையிலேயே செய்ய முடியாததாகிப்போனால் மட்டும், அதற்கு மிக நெருக்கமான வேறொன்றாக மாற்ற எங்கள் பிரிவு அனுமதி கொடுக்கும். ‘செய்ய முடியாதது’ என்ற சொல்லைச் சுற்றித்தான் எங்கள் வாதங்கள் எல்லாம் நடக்கும். செய்யக் கஷ்டமாக இருப்பது வேறு, செய்ய முடியாதது வேறு.

இரண்டாவது வருட இலையுதிர்காலத்தில் ஹார்ட்ஸ் மலையடிவாரத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், வந்தது. அங்கே முதலாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில், சர்க்கரை ஆலை முதலாளி ஒருவரின் விதவை ஒரு வீட்டை எழுதிவைத்திருந்தார். வெளியூரிலிருந்து தொழில் படிக்க வரும் இளம்பெண்களுக்கான வீடு அது. யாப்பில், அதாவது அறக்கட்டளையின் விதிப் பத்திரத்தில், அவர் கேட்டிருந்தவை மூன்று: சூடான அறை, இரவுச் சாப்பாடு, ‘மாலையில் அவர்கள் திரும்பி வரும்போது, வந்துவிட்டாயா என்று கேட்க ஒருவர்’. வேறெந்த அறக்கட்டளையின் யாப்பிலும் இப்படி ஒரு வரியை நான் படித்ததில்லை.

இரண்டு வருடமாக அந்த வீடு வெறுமையாகக் கிடக்கிறது, இந்தக் காலத்தில் பெண்கள் யாரும் அப்படி விடுதியில் தங்க வருவதில்லை, ஆகவே வீட்டைப் பிள்ளைகளின் இசைப் பள்ளியாக மாற்ற அனுமதி வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்டிருந்தது. குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். அருமையாக எழுதியிருந்தார். அந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளை வயலின் படிக்க வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும் என்றும், ரயில் ஏற்றிவிட நேரமில்லாத வீட்டுப் பிள்ளைகள் படிக்காமலே போகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். படித்து முடித்தபோது என் மனம் அவர் பக்கம்தான் இருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அனுமதி எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நவம்பரில் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால், சிவப்புச் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடி வீடு. மணியை அடித்ததும் கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்:

“ஐயோ பிள்ளை, மறுபடியும் வந்தாயா? நான்தான் சொன்னேனே, அவர்கள் சம்மதிக்கவில்லை.”

நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். பிறகு, ஹனோவரிலிருந்து வருகிறேன், அறக்கட்டளைக் கண்காணிப்பு அலுவலகம் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“மன்னியுங்கள். இருட்டாக இருந்தது.”

இருட்டாக இருக்கவில்லை. காலை பத்தரை மணி வெளிச்சம் என் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நான் “பரவாயில்லை” என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அவர்தான் விடுதிப் பொறுப்பாளர். பெண்கள் இல்லாத வீட்டில் அவர் மட்டும் கீழ் அறையில் இருந்தார். உள்ளே தலைவர் எனக்காகக் காத்திருந்தார். உயரமான, மெலிந்த மனிதர். பழைய பியானோ ஒன்றின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். என்னை அறை அறையாகக் கூட்டிப்போய், இதில் வயலின், இதில் புல்லாங்குழல், இந்த மூலை அறை சுவர் தடிப்பு, இதில் தாளவாத்தியம் என்று காட்டினார். அவர் பேசப் பேச அந்தப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வாசிப்பது எனக்கே கேட்கிற மாதிரி இருந்தது. அறைகளில் கட்டில்கள் மட்டும் இருந்தன, மெத்தைகள் சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருந்தன.

சமையலறையில் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது நான் கேட்டேன்: “கதவடியில் நான் யாரென்று நினைத்தீர்கள்?”

பொறுப்பாளர் அம்மா தலைவரைப் பார்த்தார். தலைவரே பதில் சொன்னார், மறைக்கவில்லை.

“இங்கே ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி படிக்கும் ஒரு பெண். அறை கேட்டு வந்தாள். எங்களால் கொடுக்க முடியவில்லை. யாப்பில் ‘புரட்டஸ்தாந்துக் குடும்பத்துப் பெண்கள்’ என்று இருக்கிறது. அவள் இந்து.”

“வேறு யாரும் கேட்டார்களா?”

“சிலர்,” என்றார் பொறுப்பாளர் அம்மா. “ஒருத்தி போலந்து, கத்தோலிக்கம். ஒருத்தி மலைக்கு அந்தப் பக்கம், பழைய கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவள். அவளுக்கு மதமே இல்லை. அவளுக்கும் கொடுக்கவில்லை.”

“நான் யாப்பின்படி நடந்தேன்,” என்றார் தலைவர். “யாப்பை மீறக் கூடாது என்று வருடாவருடம் எங்களுக்கு எழுதுவது உங்கள் அலுவலகம்தானே?”

உண்மைதான். அப்படி எழுதுகிறவள் நான்தான். ஆனால் அவர் அன்ட்ராக்கில் எழுதியிருந்தது வேறு. பெண்கள் யாரும் வருவதில்லை என்று எழுதியிருந்தார். பெண்கள் வந்திருக்கிறார்கள், கதவுதான் திறக்கவில்லை. ஒற்றைச் சொல்லுக்காகக் கதவை மூடிவிட்டு, மூடிய கதவைக் காட்டி முழு யாப்பையும் மாற்றக் கேட்கிறார். அதை நான் அப்போது சொல்லவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

புறப்படும்போது நடைபாதையில் அந்த விதவையின் படத்தைப் பார்த்தேன். கறுப்பு உடுப்பு, இறுக்கி முடிந்த தலை, சிரிப்பே இல்லாத வாய். ஒரு கணம் நின்றேன். இவர் உயிரோடு இருந்து கதவைத் திறந்திருந்தால் என்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்ற எண்ணம் வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பொறுப்பாளர் அம்மா வாசல்வரை வந்தார். அந்தப் பெண் காலை வேலை முடிந்து மதியம் ஆஸ்பத்திரி பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்பாள் என்று, நான் கேட்காமலே சொன்னார். உண்மையிலேயே அறை கேட்டாளா, என்ன பதில் கிடைத்தது என்று அவள் வாயால் கேட்பது என் வேலையின் ஒரு பகுதிதான். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். அது மட்டும்தான் காரணம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

நிறுத்தத்தில் அவள் நின்றாள். பத்தொன்பது வயது இருக்கும். காதில் பாட்டு. என்னைக் கண்டதும் ஒரு பக்கத்தைக் கழற்றினாள்.

“நீங்கள் தமிழோ?”

“ஓம். ஹனோவரிலை இருந்து வாறன்.” யார் என்றும் எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன். “நீர் அந்த வீட்டிலை அறை கேட்டனீரோ?”

அவள் சிரித்தாள். “கேட்டனான். ஏன் அக்கா, அதிலை ஏதும் பிழையோ?”

“உம்மிலை ஒரு பிழையும் இல்லை. என்ன சொன்னவை?”

“அந்தத் தலைவர் சமயம் எண்டு சொன்னவர். நல்ல மரியாதையாத்தான் சொன்னவர். நான் எங்கட வீட்டிலை இதைச் சொல்லேல்லை. இடமில்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன்?”

“அப்பா உடனை, அப்ப ஞானஸ்நானத்தை எடுத்துப்போட்டு உள்ளுக்குப் போ எண்டு சொல்லியிருப்பார். எந்தச் சாமி எண்டாலும் பரவாயில்லை, பிள்ளை பத்திரமா இருந்தால் காணும் எண்டு நினைக்கிற மனிசன்.”

இருவரும் சிரித்தோம். அவளுடைய பெற்றோர் நெதர்லாந்து எல்லைப் பக்கத்து ஊரில் இருந்தார்கள். ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கு இடம் இங்கேதான் கிடைத்தது. கார் ஓட்டப் பழக்குகிற கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு அறையில் தனியாக இருந்தாள்.

“உண்மையா அக்கா, அந்த வீடு எனக்குப் பெரிசில்லை. அம்மாதான் போனிலை அழுறவ. அங்கை ஒரு மனிசி இருக்கிறா எண்டு கேள்விப்பட்டு, அவவுக்கு அது ஒரு ஆறுதலா இருந்திருக்கும்.”

“தனிய இருக்கிறது கஷ்டமோ?”

அவள் காதில் இருந்த மற்றப் பக்கத்தையும் கழற்றினாள். “வேலை முடிஞ்சு போனால் கீழை கார் படிக்கிற ஆக்களின்ர சத்தம் கேட்கும். பிறகு அவையும் போயிடுவினம். சில நாள் டொச்சுப் பாஷையும் இல்லை, தமிழும் இல்லை, ஒரு சொல்லும் கதைக்காமல் படுத்திடுவன். பகல் முழுக்க நோயாளியளோடை கதைக்கிறன்தானே. காணும்.”

அவளுடைய பேருந்து வந்தது. “ஏதும் எழுதிறதெண்டால் என்ர பேரை எழுதாதையுங்கோ அக்கா,” என்று சொல்லிவிட்டு ஏறினாள். நான் எழுதவில்லை. ஆனால் அப்படி ஒருவரைச் சந்தித்தேன், அறை மறுக்கப்பட்டதை உறுதிப்படுத்தினார் என்று குறிப்பில் எழுதினேன். அதை எழுதாமல் விட முடியாது.

அனுமதி எழுதப் போனவள், அனுமதி கொடுக்க முடியாது என்று எழுதினேன். காரியம் செய்ய முடியாததாகவில்லை, தடையாக இருப்பது மதம் பற்றிய ஒரு சொல் மட்டுமே, குழு விரும்பினால் அந்தச் சொல்லை நீக்க விண்ணப்பிக்கலாம் என்பது என் வரைவு. முடிவெடுப்பதற்கு முன் குழுவின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஜனவரியில் தலைவரை நேரில் வரச்சொல்லி டேர்மின் கொடுத்தேன். தனியாக வந்தார். கோப்பைப் பார்க்க அவருக்கு உரிமை இருந்தது, பார்த்திருந்தார்.

அமைதியாகத்தான் பேசினார். முடிவில், கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்:

“ஒரு கேள்வி கேட்கலாமா? அந்தப் பெண்ணோடு எந்த மொழியில் பேசினீர்கள்?”

“தமிழில்.”

“உங்கள் இருவருக்கும் அதுதான் தாய்மொழி.”

“ஆம்.”

“அப்படியானால் இது யாருடைய விருப்பம்? வீட்டை எழுதிவைத்த அம்மையாருடையதா, உங்களுடையதா?”

எனக்கு முகம் சுட்டது. கோப்பை மூடி ஓரமாக வைத்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

எதிர் மேசையில் இருந்த சக அலுவலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் அவருக்கும். வட கடல் கரையில், மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர். என்னைவிட அவருக்குத்தான் கோபம் வந்தது.

“அவர் சங்கீத வாத்தியார். வீட்டைச் சங்கீதப் பள்ளியாக்கக் கேட்கிறார். இது யாருடைய விருப்பம் என்று அவரிடம் யாராவது கேட்டார்களா?”

அந்தப் பதில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று படிக்கட்டில் இறங்கும்போது என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் டிராமில் உட்கார்ந்தபோது, எரிச்சல் அடங்கிக் கேள்வி மட்டும் மிஞ்சியது. கதவடியில் என்னை அவளாக நினைத்த அந்த ஒரு கணம் இல்லாமல் இருந்திருந்தால் நான் இந்த முடிவுக்கு வந்திருப்பேனா? போலந்துப் பெண்ணை மட்டும் மறுத்திருந்தால் அவளைத் தேடிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருப்பேனா? சரியான முடிவாகவே இருக்கட்டும், நான் அதற்குச் சரியான வழியில் வந்தேனா என்பது எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த மனிசி உயிரோடை இருந்திருந்தால் உனக்கும் கதவு திறந்திருக்கமாட்டா, எனக்கும் திறந்திருக்கமாட்டா,” என்றார். “நாங்கள் வந்த காலத்திலை வீடு தேடி அலைஞ்சது உனக்கு ஞாபகமில்லை. நல்ல ஆக்கள்தான். கதவு மட்டும் திறக்கேல்லை.”

“அப்ப அந்தத் தலைவர் சொல்லுறது சரியோ?”

“அந்தாள் பியானோ படிப்பிக்கட்டுமன். என்ன வந்தது இப்ப? பிள்ளையளுக்குச் சங்கீதம் நல்லதுதானே.”

“அம்மா!”

“நீ கேட்டாய், நான் சொன்னன். அந்தப் பெட்டைக்கு அறை குடுக்கிறதெண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். நான் உன்ர கந்தோரிலை வேலை செய்யேல்லைத்தானே. எனக்கு ரெண்டுக்கும் ஓம் சொல்லலாம்.”

எனக்கு உதவியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த விதவையைப் பற்றி அவர் சொன்னது சரி. படத்தின் முன்னால் நின்றபோது எனக்கும் தெரிந்திருந்ததுதான். அவர் மனதில் நினைத்திருந்த பெண்களில் நானோ, பேருந்து நிறுத்தத்துப் பெண்ணோ இல்லை. அவருக்கு எங்களைக் கற்பனை செய்யவே முடிந்திருக்காது. ஆனால் தனியாக வரும் ஒரு பெண் மாலையில் யாரும் கேட்காத அறைக்குத் திரும்புவதை அவர் கற்பனை செய்திருக்கிறார். எதைப் பாதுகாப்பது, அவர் நினைத்த முகத்தையா, அவர் பட்ட கவலையையா? எனக்குக் கவலைதான் பெரிதாகத் தெரிந்தது. அப்படித் தெரிவது எனக்கு வசதியாகவும் இருந்தது. அந்த வசதிதான் என்னை உறுத்தியது.

திங்கட்கிழமை எங்கள் பிரிவுத் தலைவியிடம் போனேன். அதிகம் பேசாதவர். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்கள் பக்கம் சாய்கிறீர்களா?” என்றார்.

“தெரியவில்லை. அதுதான் பிரச்சினை.”

“தெரியாவிட்டால் கோப்பை எதிர் மேசைக்குக் கொடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.”

கொடுத்தேன். அவமானம் இல்லை என்று அவர் சொன்னாலும், மேசைக்கு மேலாக அதை நீட்டும்போது நான் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக அலுவலர் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் விசித்திரமானவை. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசினோம்: அவர் அப்பாவின் மாடுகள், என் அம்மாவின் முழங்கால், கன்டீன் சாப்பாடு. அந்த வீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு நாள் அவர் மேசை வெறுமையாக இருந்தது. ஹார்ட்ஸ் பக்கம் போயிருக்கிறார் என்று தெரிந்தது. மறுநாள் சப்பாத்தில் சேறோடு வந்தார்.

வசந்தம் வந்த பிறகு, கன்டீனில் சூப்பைக் கலக்கியபடி அவரே தொடங்கினார்.

“மறுத்துவிட்டேன். கையெழுத்தும் ஆகிவிட்டது. இனிச் சொல்லலாம்.”

“என்ன காரணத்தில்?”

“குழு பெண்களைத் தேடவே இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை, தொழிற்பாடசாலையில் கேட்கவில்லை, ஒரு விளம்பரமும் இல்லை. தேடாமலே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான்.”

“மதம்?”

“அதைக் குழுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதினேன். ஊர்ப் பாதிரியார் குழுவில் இருக்கிறார். அந்தச் சொல்லை எடுத்தால் தனக்கு நிம்மதி என்றார். பல வருடமாக அது தனக்கு வெட்கமாக இருந்ததாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “உன் குறிப்பை நான் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதை வைத்து முடிவெடுக்கவில்லை.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, நான் இல்லாமலும் இது இப்படித்தான் முடிந்திருக்கும் என்பதில் சின்ன ஏமாற்றமும் இருந்தது. நான் பட்ட பாட்டுக்கு முடிவில் ஒரு வரிகூட இடம் இருக்கவில்லை. விதவையின் கவலை பற்றி நான் யோசித்த எதுவும் அங்கே தேவைப்படவில்லை. தேடவில்லை, ஆகவே முடியாது. எவ்வளவு எளிமை.

தலைவர் குழுவிலிருந்து விலகினார். மற்றவர்கள் இருந்தார்கள். கோடையில் யாப்பிலிருந்து அந்தச் சொல் நீங்கியது.

கோப்பு இனி என்னுடையதல்ல என்பதால் அந்தப் பெண்ணைத் தேடிப் பேசத் தடையில்லை என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வழியாகச் செய்தி விட்டேன். அவளே எனக்குப் போன் செய்தாள்.

“ஐயோ அக்கா, எனக்கு இப்ப தேவையில்லை. என்னோடை படிக்கிற போலந்துப் பெட்டையோடை சேர்ந்து ஒரு வீடு எடுத்திட்டன். அந்த வீட்டிலை அவளுக்கும் இடம் குடுக்கேல்லைத்தானே, அதைக் கதைச்சுத்தான் நாங்கள் சிநேகிதமானது. ரெண்டு பேரும் சேர்ந்து சமைக்கிறம். அவள் இப்ப புட்டு அவிப்பாள், கல்லு மாதிரி.”

“அப்ப சந்தோஷம்.”

“ஓம் அக்கா. வீட்டைத் திறந்தது நல்லம். கீழ் வகுப்பிலை படிக்கிற ஒருத்தி போகப்போறாள் எண்டு கேள்வி.”

அந்த வீட்டை வேண்டியவளுக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்கும் நேரத்தில் அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சிரித்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் பொறுப்பாளர் அம்மா என்னைக் காப்பிக்கு அழைத்தார். விடுமுறை எடுத்துக்கொண்டு, அலுவலக அடையாள அட்டை இல்லாமல் போனேன். இந்த முறை கதவைத் திறந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மேல்மாடியில் நான்கு அறைகளில் மெத்தைகள் விரித்திருந்தன. அடுப்பில் பட்டாணி சூப் கொதித்தது. பேசிக்கொண்டிருந்தபோது முன்கதவு திறந்து மூடியது.

“வந்துவிட்டாயா?” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

பதில் வரவில்லை. படியில் சப்பாத்துச் சத்தம், மேலே ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

“இவள் கிழக்கிலிருந்து வந்தவள். பேக்கரியில் படிக்கிறாள். விடிய முன்பே எழும்ப வேண்டும், அதனால் எப்போதும் கோபம்,” என்றார். “முதல் மாதம் யாருமே பதில் சொல்வதில்லை. நான் பதிலுக்காகக் கேட்பதும் இல்லை.”

தலைவரை அதற்குப் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். ஒன்றரை வருடம் கழித்து, ஹனோவர் நிலையத்தில். கோஸ்லார் பக்கம் வேறொரு அறக்கட்டளையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ரயிலில் ஏறினால் எதிர் இருக்கையில் அவர். தலைக்கு மேலே இருந்த தட்டு முழுக்கச் சின்னச் சின்ன வயலின் பெட்டிகள், பிள்ளைகள் வாசிக்கும் அளவில். என்னை அடையாளம் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். பழைய தீயணைப்பு நிலையத்தின் மண்டபத்தை நகரசபையிடம் கேட்டு வாங்கிவிட்டதாகவும், குளிரில் பியானோ சுருதி நிற்பதில்லை என்றும், பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள் என்றும் சொன்னார்.

“நீங்கள் பிழை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்,” என்றார்.

“முடிவு என்னுடையதல்ல.”

“தெரியும். நீங்களாகவே விலகினீர்கள் என்று சொன்னார்கள். நான் கேட்ட கேள்விக்காகவா?”

“ஓரளவுக்கு.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “கடுமையான கேள்வி அது.”

“நியாயமான கேள்வியும்தான்.”

“இரண்டும்தான்,” என்று ஒப்புக்கொண்டார். பிறகு பையிலிருந்து சீஸ் வைத்த பாண் ரொட்டியை எடுத்து, பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். ஊர் வரும்வரை பெரும்பாலும் வயலினைப் பற்றித்தான் பேசினோம். பிள்ளைகள் வளர வளர வயலினையும் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் நிலையம் வந்ததும் பெட்டிகளை இறக்க நானும் உதவினேன். கதவடியில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினேன், அவர் வாங்கி மேடையில் அடுக்கினார். எல்லாம் முடிந்தது என்று திரும்பினால், தட்டின் மூலையில் ஒன்று கிடந்தது, எல்லாவற்றிலும் சின்னது. ஓடிப்போய் எடுத்து, கதவு மூடத் தொடங்கும்போது அவர் கையில் திணித்தேன். கண்ணாடிக்கு வெளியே அவர் ஏதோ சொன்னார். ரயில் நகர்ந்துவிட்டது. எனக்குக் கேட்கவில்லை.